லுவா வளைத்த இச்சி மரம்

லுவா அந்த இச்சி மரத்தைக் கண்டெடுத்தது வாய்க்கால் மதகின் இடிந்த சுவரில். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. நடவு முடிந்து முழங்கால் வரை சேற்றோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். செங்கல் இடுக்கில், ஆலங்கன்று மாதிரி, ஒரே வேரிலிருந்து இரண்டு தண்டு கிளம்பி நின்றது. ஒன்று கைத்தடி பருமன், இன்னொன்று சுண்டுவிரல் பருமன். மதகை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. மறுநாள் கடப்பாரையோடு போய், இரண்டு நாள் மெனக்கெட்டுச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து, வேர் அறாமல் எடுத்து, உரச் சாக்கில் சுற்றி, சைக்கிளின் பின்னால் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "புருஷன் எடுத்துட்டு வரச் சொன்னானா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லா வயிற்றெரிச்சலும் தொடங்கியது.

செவ்வாற்றங்கரையில் எங்கள் ஹா கே ஊருக்கு அழகு மரத்தால்தான் பேர். வீட்டுக்கு வீடு முற்றத்தில் தொட்டி மரம் நிற்கும். ஹனோயிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு மரத்தை அரை நாள் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மரத்தை வளைப்பது, கம்பி சுற்றுவது, கவாத்து பண்ணுவது, பேர் வைப்பது, எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவது, இவ்வளவும் ஆண்கள் வேலை. தண்ணீர் சுமப்பது, களை பிடுங்குவது, இலையை ஒவ்வொன்றாக ஈரத் துணியால் துடைப்பது, அந்தத் தேநீரைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பது பெண்கள் வேலை. எந்த மகராசன் இதை வகுத்து வைத்தானோ தெரியாது. கேட்டால், அது அப்படித்தான் என்பார்கள். எது அப்படித்தான்? கத்தரி பிடிக்கிறது யார் கை என்று மரம் பார்த்துக்கொண்டா இருக்கிறது?

லுவா ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி இங்கே வருகிற வரைக்கும் தொட்டியில் வளர்க்கும் மரத்தைப் பார்த்ததே இல்லை. புருஷன் கியெம் படகு என்ஜின், தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்கிறவன். ஓடுகிற என்ஜின் பக்கத்தில் இரண்டு நிமிஷம் நின்றால் போதும், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். மரம் என்றால் மட்டும் மேலே இலை, கீழே வேர், அவ்வளவுதான் தெரியும். நல்ல மனுஷன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், யாரையும் எதிர்த்துப் பேசவும் மாட்டான். இந்தக் கடைசிக் குணத்தைத்தான் ஊரில் எல்லோரும் அவனுடைய பெருமையாகச் சொல்வார்கள். அவள் அனுபவித்ததும் அந்தக் குணத்தால்தான்.

எங்கள் ஊரில் இரட்டைத் தண்டு மரத்துக்கு இரண்டே உருவம்தான், இரண்டே பேர்தான். பெரிய தண்டு நெட்டுக்குத்தாக நின்று, சின்னது கீழேயிருந்து அதை அண்ணாந்து பார்த்தால், அது தந்தையும் மகனும். பெரிய தண்டு குனிந்து, அதன் அடிக்கிளை ஒன்று இறங்கி வந்து சின்னதன் தலைக்கு மேல் நின்றால், அது தாயும் பிள்ளையும். லுவாவின் மகள் சென்னுக்கு அப்போது இரண்டு வயது. அடுத்தது பையனாகப் பெற்றுக் கொடு என்று அந்த வீட்டில் காலையும் மாலையும் அதே பேச்சு. அடுத்தது என்று ஒன்று வரவேயில்லை. அவள் பாட்டுக்குப் பின்கட்டில் மரத்தை வைத்துக்கொண்டு, பெரிய தண்டைக் குனிய வைத்தாள். யாருக்கும் பதில் சொல்வதற்காக ஒன்றும் இல்லை. அவள் கண்ணுக்கு அந்த மரம் அப்படித்தான் தெரிந்தது.

குனிய வைப்பது சும்மாவா? உரச் சாக்கைப் பிரித்துத் திரித்த கயிறு, மூங்கில் குச்சி, அரைச் செங்கல், இவ்வளவுதான் அவளிடம் இருந்த சாமான். அடிக்கிளையில் செங்கலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் நாலு விரல்கடை நகர்த்திக் கட்டினாள். அவசரப்பட்டால் கிளை முறியும். விட்டுவிட்டால் தன் இஷ்டத்துக்கு மேலே ஏறிவிடும். அந்தக் கிளை இறங்கி வந்து சின்னதன் தலைக்கு மேல் நிற்கப் பதினோரு வருஷம் ஆனது. நடுவில் இரண்டு வெள்ளம் வந்தது. இரண்டு தடவையும் அரிசி மூட்டைக்கு முன்னால் தொட்டியைத்தான் மேட்டுக்கு ஏற்றினாள், அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பதிமூன்றாவது வருஷம் மரத்தை முன் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தை மாத வாக்கில், புதுவருஷத் திருவிழாவில், அதற்கு முதல் பரிசு கிடைத்தது. மரச் சங்கத் தலைவர் தாக், வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக வந்து, நோட்டைத் திறந்து, வீட்டுத் தலைவர் பேர் என்ற இடத்தில் கியெம் என்று எழுதினார்.

கியெம் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னான். அதை மறைக்கக் கூடாது. "இது நான் பண்ணலீங்க ஐயா. என் வீட்டுக்காரி பண்ணது," என்றான்.

தாக் சிரித்தார். பக்கத்தில் நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். "அப்படிச் சொல்லலேன்னா வீட்டுல சோறு கிடையாதோ தம்பி?" என்றார். கியெமும் சிரித்துவிட்டான். லுவா கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வேர்க்கடலை மிட்டாயைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் அவன் அதைச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வருஷம் யாரோ கேட்ட கேள்விக்கு, "கிளையை மெதுவாத்தான் இறக்கணும்," என்று அவனே பதில் சொன்னான். முதல் நாள் அவள் சோறு போடும்போது சொன்ன வாக்கியம் அது, ஒரு எழுத்து மாறவில்லை. ஆறாம் வருஷம் அவனுக்குக் கலைஞர் பட்டம் கொடுத்தார்கள். சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினான். அதைத் தூசு தட்டுகிறவளும் லுவாதான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

"எனக்கு மட்டும் ஆசையா? அவங்களே நினைச்சுக்கிறாங்க," என்பான் கேட்டால். அவர்களே நினைத்துக்கொள்கிறார்களாம். இவன் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்?

இந்த வருஷம் மாவட்டத்திலேயே முதல் பரிசு வந்தது. இரண்டாம் மாதம் ஒரு காலையில் கியெமின் அண்ணன் பிங் வந்து சேர்ந்தார். அவர்தான் வம்சத்துக்கு மூத்தவர். வம்சக் கோயில் சாவி அவர் இடுப்பில். தண்ணீர்ப் புகைக்குழாயை இழுத்து, புகையை நிதானமாக விட்டுவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"தம்பி, எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஒன்பதாம் மாசம் முன்னோர் திதிக்கு உன் மரம் வம்சக் கோயில் முற்றத்துக்கு வருது. பக்கத்துல கல்லு நட்டு உன் பேரைப் பொறிக்கிறோம்."

"சரிண்ணே," என்றான் கியெம்.

"ஒண்ணே ஒண்ணு. தாயும் பிள்ளையும்னு ஒரு மரத்தை அங்க வச்சா நாலு பேரு என்ன சொல்லுவான்? ஆம்பளைங்க பேரா எழுதி வச்சிருக்கிற இடம். அந்தக் கீழ்க்கிளை தொங்குது பாரு, அதை எடுத்துடு. மேல கம்பியைப் போட்டு நிமித்திடு. தந்தையும் மகனும் ஆயிடும். உனக்கென்ன, ரெண்டு நாள் வேலை. தாக் ஐயாகிட்டயும் சொல்லிட்டேன். நோட்டுல அப்படியே மாத்திக்கிறாராம்."

"சரிண்ணே."

லுவா தேநீர்த் தட்டை மேஜையில் வைத்தாள். "பெரியத்தான், அந்தக் கிளை அங்க இறங்கி வரப் பதினோரு வருஷம் ஆச்சு," என்றாள்.

பிங் அவள் பக்கம் திரும்பவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "உன் வீட்டம்மாவுக்கு மரத்து மேல பாசம் ஒட்டிக்கிச்சு போல. பொம்பளைங்களே இப்படித்தான், கோழியை அறுத்தாலும் அழுவாங்க."

அவள் அழவில்லை. அழுகிற மாதிரி அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிங் போன பிறகு தேநீர்க் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"சரிண்ணேன்னு ரெண்டு தடவ சொன்னீங்களே, எதுக்குச் சரி?"

"அண்ணன்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"வாயால."

கியெம் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் யோசி, சென் அம்மா. நம்ம பேரு கல்லுல வருது."

"நம்ம பேரா? கல்லுல எத்தனை பேரு வருது? ஒண்ணா, ரெண்டா?"

கியெம் குரலைத் தாழ்த்தி, கடனுக்கு உப்பு கேட்கிற மாதிரி கேட்டான். "அந்தக் கிளையை நீயே பதமா எடுத்துக் குடுத்துடேன். நான் கை வச்சா மரம் கெட்டுடும்."

கல்லில் அவன் பேர் வர, பதினோரு வருஷத்துக் கிளையை லுவாவே அறுத்து அவன் கையில் கொடுக்க வேண்டுமாம். அதையும் பதமாகச் செய்ய வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் அவன் மேல் ஒரு நாள்கூடக் கை ஓங்க நினைத்ததில்லை, அன்றைக்கு நினைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய் அவளுடைய கவாத்துக் கத்தரியையும் சின்ன ரம்பத்தையும் எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"மரத்தைச் செஞ்சது நீங்கதான். ஊரே சொல்லுது, நோட்டுல இருக்கு, சட்டம் போட்டு மாட்டியிருக்கு. வெட்டுங்க. இன்னைலேருந்து நான் அந்த மரத்தைத் தொடல. தண்ணி ஊத்துவேன், ஏன்னா அது பொம்பளை வேலை. வேற எதுக்கும் என்கிட்ட வராதீங்க."

"கோவத்துல பேசாத."

"கோவத்துலதான் பேசறேன். வேற எதுல பேசணும்?"

கியெம் மறுநாள் ரம்பத்தோடு மரத்தடியில் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். கிளையில் ரம்பத்தை வைப்பான், எடுப்பான், பம்பு ரிப்பேர் ஒன்று இருக்கிறது என்று ஆற்றங்கரைக்குப் போய்விடுவான். பயந்தானா, மனசாட்சி உறுத்தியதா, எது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் ரம்பம் சமையலறை ஆணிக்குப் போனது. கிளை அப்படியே இருந்தது.

ஆனால் இச்சி மரம் யாருக்காகவும் காத்திருக்கிற ஜாதி இல்லை. நாலாம் மாதம் மழை தொடங்கியதும் பொங்கிக்கொண்டு கிளம்பியது. வாரத்துக்கு இரண்டு தடவை கொழுந்து கிள்ளாவிட்டால் ஒவ்வொரு நுனியிலும் நாலு நுனி வரும். ஐந்தாம் மாதம் இலையடுக்கில் மேல்தட்டும் நடுத்தட்டும் ஒன்றோடொன்று கலந்தன. ஆறாம் மாதம் குனிந்த முதுகே தெரியவில்லை. அடிக்கிளை இலை சுமந்து தடித்து, சின்னதை மூடிக்கொண்டது. உள்ளே வெயில் படாமல் சின்னதன் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின.

லுவா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். ஊற்றும்போது கை தன்னால் நுனிக்குப் போகும். இழுத்துக்கொள்வாள். ஒரு கொழுந்தைக் கிள்ளினால் போதும், இத்தனை நாள் வீம்பு வீண். கிள்ளாமலிருந்தால் இருபத்துநாலு வருஷம் வீண். இந்த நரகத்தில் அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர்கள் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஹைஃபோங்கில் வேலை பார்க்கிற சென்னுக்கு மரத்தைப் படம் எடுத்து அனுப்பினாள்.

"என்னம்மா இது, குளிச்சுத் தலை சீவாத கரடி மாதிரி இருக்கு," என்றாள் சென் போனில். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். "அம்மா, பேசாம வெட்டிச் சரி பண்ணிடும்மா. உனக்குத்தான வலிக்குது."

"வலிக்கட்டும். வெட்டினா அதுவும் உங்கப்பா கணக்குலதான் போவும்."

ஒன்றில் மட்டும் அவள் தோற்றாள். சின்னதன் கழுத்தில் அவள் போன வருஷம் சுற்றிய அலுமினியக் கம்பி இருந்தது. மழையில் தண்டு பருக்க, கம்பி பட்டைக்குள் இறங்கத் தொடங்கியது. இன்னும் இருபது நாள் விட்டால் கழுத்து அறுந்த மாதிரி வடு விழும், ஆயுசுக்கும் போகாது. ஒரு நடுப்பகலில், கியெம் படித்துறையில் இருந்தபோது, குறடு எடுத்துவந்து கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் கழற்றினாள். சண்டை அவர்களோடுதான், பிள்ளையோடு இல்லை. வெட்டிய கம்பியை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்தாள், திருடி மாதிரி. தன் மரத்துக்குத் தான் நல்லது செய்ததை ஒளிக்க வேண்டியிருந்தது.

கியெம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து கத்தரியை எடுத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். முடி வெட்டுகிறவன் மாதிரி சுற்றி வந்து மேலாக வெட்டினான். பால் வழிந்து சட்டையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது. முடித்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தான். மரம் கவிழ்த்த கூடை மாதிரி இருந்தது. சின்னதன் பின்பக்கத்துக் கிளை ஒன்று, ஒன்பது வருஷத்துக் கிளை, தரையில் கிடந்தது.

"அது எப்படி வெட்டுப்பட்டுச்சுன்னே தெரியல," என்றான்.

லுவா அந்தக் கிளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், ஆனால் பேசியதை இங்கே எழுத முடியாது.

எட்டாம் மாதம், முழுநிலாப் பண்டிகை கழிந்த நாலாம் நாள், பிங்கும் தாக்கும் சங்கத்து ஆட்கள் மூன்று பேரும் வந்தார்கள். மரத்தை எப்படித் தூக்குவது, எந்த வண்டி வைப்பது என்று பார்க்க வந்தவர்கள். வாசலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தாக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிங்கின் முகம் கறுத்துப்போனது. நாற்காலியில் உட்கார்ந்தார்கள். லுவா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பார்கள். இத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டது யார் என்று, குருடனுக்குக்கூடத் தோன்றுமே. கண்ணுள்ளவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்காமலா போவார்கள்?

தாக் பெருமூச்சு விட்டார். கியெமின் தோளில் கை வைத்தார்.

"வயசாயிட்டா இப்படித்தான் தம்பி. எனக்கும் போன வருஷம் கை நடுங்குச்சு. எவ்வளவு பெரிய கலைஞனுக்கும் ஒரு நாள் கை விட்டுப் போவும். வெக்கப்படாத."

சங்கத்து ஆட்கள் மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாமி சத்தியமாக. பிங் லுவாவின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நீதான் பாத்துக்கணும். ஒழுங்கா ஆக்கிப் போடறியா இல்லையா? விலாங்கு மீன் போட்டுக் கஞ்சி வச்சுக் குடு. மனுஷன் தேறிடுவான். திதிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு."

கஞ்சியாம். அந்த மரத்தை அவள் தன் கண் முன்னாலேயே கெட விட்டு, தினம் தினம் செத்து, ஆறு மாதம் நிரூபித்தது இதைத்தானா? மரம் நன்றாக இருந்தால் அவன் கைவண்ணம். மரம் கெட்டால் அவன் கை நடுக்கம். அவள் எங்கே இருக்கிறாள் இதில்? கஞ்சிச் சட்டியில்.

லுவா சமையலறைக்குப் போய் ஆணியிலிருந்து ரம்பத்தை எடுத்தாள், மேடையிலிருந்து கத்தரியை எடுத்தாள். மூங்கில் ஏணியை இழுத்துவந்து மரத்தடியில் நட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

"சென் அம்மா," என்றான் கியெம்.

"ஏணியைப் பிடிங்க. ஆடுது."

அவன் எழுந்துபோய்ப் பிடித்தான்.

"என்ன பண்றா இவ? தம்பி, இறங்கச் சொல்லு," என்றார் பிங். தாக் கையை உயர்த்தி அவரை அடக்கினார். முதல் வெட்டைப் பார்த்ததுமே அந்தக் கிழவருக்கு ஏதோ உறைத்துவிட்டது. லுவா நுனியில் கை வைக்கவேயில்லை. நேராக உள்ளே போய், தடித்து நெஞ்சில் குறுக்கே போன ஒரு கிளையை அடியோடு எடுத்தாள். அது விழுந்ததும் மேல்தட்டும் நடுத்தட்டும் பிரிந்தன. அடுத்தது, அதற்கு அடுத்தது. அவள் கை தயங்கவில்லை, எட்டி நின்று பார்க்கவில்லை, தேடவில்லை. எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தன் வீட்டு இருட்டறையில் தீப்பெட்டி எடுக்கிறவளுக்கு விளக்கா வேண்டும்? முற்றமெல்லாம் பச்சை இலை விழுந்து, ஆண்களின் செருப்பு மூடிப்போனது. கிண்ணங்களை யாரும் தொடவில்லை.

அரை மணி நேரத்தில் குனிந்த முதுகு வெளியே வந்தது. அடிக்கிளையின் கொழுப்பைக் கழித்ததும் கீழே சின்னது தெரிந்தது, இலை குறைந்து, ஒரு பக்கம் மூளியாக. அதன் தலைக்கு மேல் அந்தக் கிளை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

தாக் தொண்டையைச் செருமிக்கொண்டார். மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "கியெம், அடுத்து எதை எடுக்கப்போறாங்க?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கியெம் மேலே பார்த்தான். அவன் தலையிலும் தோளிலும் இலை.

"தெரியாதுங்க ஐயா," என்றான். "எனக்கு என்னைக்குமே தெரிஞ்சதில்ல."

"சத்தமா சொல்லுங்க," என்றாள் லுவா மேலேயிருந்து, திரும்பாமல். "உங்க அண்ணனுக்குக் காது மந்தம்."

"இந்த மரத்துல நான் வெட்டினது ஒரே ஒரு கிளைதான் அண்ணே. அதுவும் தப்பா வெட்டினேன். மத்ததெல்லாம் இவதான். மதகுலேருந்து பேத்தெடுத்ததும் இவதான்."

பிங் எழுந்து நின்றார். சட்டையிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டார்.

"அப்படின்னா இந்த மரம் வம்சக் கோயிலுக்கு வேண்டாம்," என்றார். "பொம்பளை வெட்டின மரத்தை அங்க வச்சா எங்க அப்பன் பாட்டனெல்லாம் என்னைக் கேள்வி கேப்பாங்க." சொல்லிவிட்டு, யாரிடமும் விடை பெறாமல் வெளியே போனார்.

மரம் பிழைத்தது. கிளையும் பிழைத்தது. எதனால் பிழைத்தது பாருங்கள். இந்த அவமானம் மட்டும் ஆறு மாதத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் ஒன்பது வருஷத்துக் கிளை ஒன்று மிஞ்சியிருக்கும். லுவா ஏணியிலிருந்து இறங்கினாள். கை முழுக்க மரப்பால் கறுத்து ஒட்டியிருந்தது. அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை, கோபம் மட்டும் சூடு ஆறாமல் அப்படியே இருந்தது.

தாக் நாற்காலியை விட்டு எழுந்து, சங்கத்து நோட்டை மேஜையில் விரித்தார். தந்தையும் மகனும் என்று எழுதியிருந்ததை அடித்தார். தாயும் பிள்ளையும் என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் கியெம் என்று இருந்ததையும், பேனாவை அழுத்திப் பிடித்து, அடித்தார். பதினோரு வருஷமாக மாதத்துக்கு இரண்டு தடவையாவது இந்த முற்றத்தில் உட்கார்ந்து அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்த மனுஷன் அவர். பேனா கட்டத்தின் மேல் நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாடிக்கு மேலே முகம் சிவந்துபோனது.

"உங்க பேரு என்னம்மா?" என்றார்.

லுவா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபாம் தி லுவா," என்றாள். "முழுசா எழுதுங்க. எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க."